அப்லேஷன் முடிந்து வீடு திரும்பியவருக்கு: எந்தத் தொந்தரவை வீட்டில் பார்க்கலாம், எதற்கு ஓட வேண்டும்

இதயத்தில் அப்லேஷன், அதாவது துடிப்பைக் கலைக்கும் தவறான மின்சாரத்தை வடு போட்டுத் தடுக்கும் சிகிச்சை, செய்துகொண்டவர்களை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நெஞ்சில் தையல் இல்லை, தொடை இடுக்கில் ஒரு பிளாஸ்திரி மட்டும். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுக் காபி குடித்துப் போவார்கள். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு ஃபோனில் தேட ஆரம்பிப்போம். அரை மணி நேரத்தில் உணவுக்குழாயில் ஓட்டை, நுரையீரல் சிரை அடைப்பு, பக்கவாதம் என்று எல்லாம் வந்துவிடும். அதோடு தூக்கம் போய்விடும்.

நான் டாக்டர் இல்லை, இதைச் செய்துகொண்டவன். இங்கே சொல்வது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக, அதாவது ஏ.எஃப். எனப்படும் ஒழுங்கற்ற துடிப்புக்காக, இடது மேலறையில் அப்லேஷன் செய்துகொண்டவர்களுக்கானது. எஸ்.வி.டி.க்கு, அதாவது திடீரென்று வந்து போகும் இன்னொரு வகை வேகத் துடிப்புக்கு, செய்துகொண்டவர்களுக்குத் தொடை இடுக்கு, முதல் வாரம் பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும். உணவுக்குழாய் பற்றிய பயம் அவர்களுக்குப் பெரும்பாலும் தேவையே இல்லை. உங்கள் டாக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான் கணக்கு.

உள்ளே என்ன செய்தார்கள்

நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகள் இடது மேலறையில் வந்து சேருகின்றன. பெரும்பாலோருக்கு இவை நான்கு. ஏ.எஃப்.ஐக் கிளப்பிவிடும் தவறான மின்துடிப்புகள் பெரும்பாலும் இந்தச் சிரைகளின் வாயிலிருந்துதான் வருகின்றன என்று பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 1998இல் காட்டினார்கள். அன்றிலிருந்து சிகிச்சையின் அடிப்படை ஒன்றுதான்: சிரை வாயைச் சுற்றி வடுவால் ஒரு வேலி போட்டு, அந்த மின்சாரம் மேலறைக்குள் வராமல் தடுப்பது. தொடைச் சிரை வழியாகக் குழாயை மேலே கொண்டுபோய், இரண்டு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் சின்னத் துளை போட்டு இடப்பக்கம் நுழைகிறார்கள்.

வேலி போட முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. ரேடியோ அலையால் சூடாக்குவது ஒன்று, பலூனால் உறைய வைப்பது இன்னொன்று. மூன்றாவது, சமீபத்தில் வந்த மின்துடிப்பு முறை, அதாவது மிகக் குறுகிய மின் அதிர்ச்சிகளால் வடு போடுவது. உங்களுக்கு எது நடந்தது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். இல்லையென்றால் கிளம்பும் முன் கேட்டு எழுதி வாங்குங்கள். கீழே வரும் பயங்களின் அளவு இதைப் பொறுத்துத்தான் மாறும்.

படி 1: கிளம்புவதற்கு முன்

சம்மரியைத் தவிர இன்னும் இரண்டு விஷயங்கள் கையில் இருக்க வேண்டும். முதலாவது, இரவிலும் எடுக்கப்படும் ஒரு ஃபோன் நம்பர். பொதுவான ரிசப்ஷன் நம்பர் போதாது, இதயத் தாள சிகிச்சைப் பிரிவின் டியூட்டி டாக்டரைப் பிடிக்கும் நம்பராக இருக்க வேண்டும். இரண்டாவது, ஒரு சின்ன அட்டை. அதில் இப்படி எழுதி பர்ஸில் வையுங்கள்:

"எனக்கு இடது மேலறையில் அப்லேஷன் நடந்திருக்கிறது. தேதி: … முறை: … ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை: … காய்ச்சல், நெஞ்சுவலி, விழுங்க வலி, பேச்சுக் குழறல் இருந்தால் என் இதய டாக்டரைக் கேட்காமல் எண்டோஸ்கோபி செய்ய வேண்டாம்."

அந்தக் கடைசி வரி எதற்கு என்று படி 4இல் சொல்கிறேன்.

படி 2: முதல் வாரம், தொடை இடுக்கு

அப்லேஷனுக்குப் பின் வரும் தொந்தரவுகளில் அதிகம் இதயத்தில் வருவதில்லை, குழாய் நுழைத்த இடத்தில்தான் வருகிறது. ரத்தம் உறையாத மாத்திரை வேறு ஓடிக்கொண்டிருப்பதால் கன்றிப்போன நிறம் முழங்கால் வரை இறங்கலாம். ஊதா, பச்சை, மஞ்சள் என்று மாறி இரண்டு வாரத்தில் மறையும். பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் அநேகமாக ஒன்றுமில்லை. தோலுக்கடியில் கடலை அளவு, சிறு நெல்லிக்காய் அளவு கட்டி தட்டுப்படுவதும் சகஜம். அது நாளுக்கு நாள் பெரிதானாலோ, விரல் வைத்தால் நாடி மாதிரித் துடித்தாலோ, கால் சில்லிட்டு மரத்தாலோ, அன்றே போய் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

ரத்தம் கசிந்தால் உடனே மல்லாந்து படுங்கள். வீட்டில் யாராவது துளைக்குச் சற்று மேலே விரல்களை வைத்துப் பத்து நிமிடம் அழுத்தட்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. பீறிட்டு வந்தாலோ, பத்து நிமிடத்தில் நிற்காவிட்டாலோ 108ஐக் கூப்பிடுங்கள், இலங்கையில் 1990. வெளியே ஒரு சொட்டும் வராமல் இடுப்பிலோ முதுகின் ஒரு பக்கத்திலோ கடும் வலி, கூடவே தலைசுற்றல், வெளிறிப்போவது என்று இருந்தாலும் அப்படித்தான். ரத்தம் உள்ளே கசியலாம்.

மருத்துவமனை தரும் அச்சடித்த தாளில் "நான்கரை கிலோவுக்கு மேல் ஒரு வாரம் தூக்காதீர்கள்" என்று இருக்கும். நம் வீட்டுக்கு அதன் அர்த்தம்: தண்ணீர்க் குடம் கூடாது, கேஸ் சிலிண்டரை நகர்த்தக் கூடாது, ஓடி வரும் பேரக் குழந்தையைத் தூக்கக் கூடாது. வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்வதும் கூடாது. குந்தி உட்காரும் கழிப்பறைதான் வீட்டில் இருக்கிறது என்றால், ஒரு வாரத்துக்குக் கமோடு நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்துவிடுங்கள். குந்துவதும் முக்குவதும் தொடை இடுக்குக்கு நல்லதல்ல. தரையில் பாய் போட்டுப் படுப்பவர்கள் கட்டிலுக்கு மாறலாம். இருமலோ தும்மலோ வந்தால் அந்த இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். குளிக்கலாம். தொட்டியிலோ குளத்திலோ இறங்கி ஊறுவது புண் ஆறிய பிறகு. வண்டி எப்போது ஓட்டலாம் என்பதை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். நடப்பது நல்லது, முதல் நாளிலிருந்தே நடக்கலாம்.

படி 3: முதல் வாரம், நெஞ்சு

மூச்சை இழுத்தால் குத்துகிறது, படுத்தால் கூடுகிறது, உட்கார்ந்து முன்னால் சாய்ந்தால் குறைகிறது: இந்த வலி பெரும்பாலும் இதய உறையின் எரிச்சல். சில நாட்களில் அடங்கும். பாராசிட்டமால் போடலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டவுடன் கிடைக்கும் டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் வகைகளை டாக்டர் எழுதாமல் தொடாதீர்கள். ரத்தம் உறையாத மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம்.

வலியோடு வியர்வை, மயக்கம், மூச்சுத் திணறல், கீழிறங்கும் பி.பி. சேர்ந்தால் கதை வேறு. இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கி அழுத்துவதாக இருக்கலாம். இது அநேகமாக ஆபரேஷன் அறையிலோ முதல் நாளிலோ தெரிந்துவிடும், ஆனால் அபூர்வமாகச் சில நாட்கள் கழித்தும் வரும். நேராக எமர்ஜென்சிக்குப் போக வேண்டிய விஷயம் இது. முகம் கோணுவது, கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல், திடீர்ப் பார்வை இழப்பு ஆகியவற்றுக்கும் அதே விதி. "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது இங்கே உதவாது.

ரேடியோ அலை முறையில் குழாயின் நுனியைக் குளிர்விக்க உப்புநீர் விடுவார்கள், அது ஒரு லிட்டருக்கு மேலும் உடம்பில் சேரக்கூடும். அதனால் முதல் சில நாட்களில் கால் வீக்கம், மாடி ஏறினால் மூச்சு வாங்குவது எல்லாம் வரலாம். காலையில் எழுந்ததும் எடை பாருங்கள். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் ஃபோன் செய்யுங்கள். பெரும்பாலும் சில நாட்கள் நீர் பிரிக்கும் மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும்.

படி 4: இரண்டாம் வாரம் முதல் இரண்டு மாதம் வரை, காய்ச்சல்

எல்லோரும் இரவில் தேடிப் பயப்படும் அந்த விஷயத்துக்கு வருவோம். இடது மேலறையின் பின்சுவருக்கு ஒட்டினாற்போல் உணவுக்குழாய் ஓடுகிறது, இடைவெளி சில மில்லிமீட்டர்தான். மேலறையில் கொடுத்த சூடு அதிலும் பட்டுப் புண்ணாகி, மிக அபூர்வமாக அந்தப் புண் இரண்டுக்கும் இடையே ஓர் ஓட்டையாகிவிடும். அப்போது உணவுக்குழாயின் கிருமியும் காற்றும் நேராக ரத்தத்தில் கலக்கும்.

எவ்வளவு அபூர்வம்? 2023இல் வெளியான பாட்டர்-ஏ.எஃப். என்ற பன்னாட்டு ஆய்வு 5,53,729 அப்லேஷன்களைக் கணக்கெடுத்தது. 138 பேருக்கு இது வந்திருந்தது. சுமார் 4,000 பேரில் ஒருவர். ரேடியோ அலை முறையில் 0.038 சதவீதம், உறைய வைக்கும் முறையில் 0.0015 சதவீதம். மின்துடிப்பு முறையில் 17,000க்கு மேற்பட்டவர்களைப் பார்த்து 2024இல் வெளியான ஆய்வில் ஒருவருக்குக்கூட இது வரவில்லை. எனவே உங்களுக்கு நடந்தது இரண்டாவது அல்லது மூன்றாவது முறை என்றால், இந்தப் பயத்தில் பெரும் பங்கை இப்போதே இறக்கி வைத்துவிடலாம்.

அபூர்வம் என்றாலும் இதை விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பிழைக்கவில்லை. அதே ஆய்வில் அறுவை சிகிச்சை கிடைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைத்தார்கள், மருந்து மட்டும் கொடுத்தவர்களில் பத்தில் ஒருவர்தான். ஆகவே எவ்வளவு சீக்கிரம் தெரிய வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாதிப் பேருக்கு அறிகுறி சிகிச்சைக்குப் பின் 18ஆம் நாளுக்குள் தொடங்கியது, மிகத் தாமதமானது 60ஆம் நாள். அதற்குள் நீங்கள் வேலைக்குத் திரும்பியிருப்பீர்கள், தொடைக் காயமும் மறந்துபோயிருக்கும். அப்போது வரும் முதல் அறிகுறி பெரும்பாலும் ஒரு சாதாரணக் காய்ச்சல்.

காய்ச்சல் வந்தால் நாம் என்ன செய்வோம்? தெருமுனை மெடிக்கலில் மூன்று நாளைக்கு மாத்திரை வாங்குவோம். அடங்கவில்லை என்றால் பக்கத்து கிளினிக்கில் ஓர் ஊசி. மழைக்காலமாக இருந்தால் டெங்கு டெஸ்ட். அப்லேஷன் என்ற பேச்சே எங்கும் வராது. என்னைக் கேட்டால், 4,000இல் ஒன்று என்ற எண்ணைவிட இந்தப் பழக்கம்தான் கவலைப்பட வேண்டியது. இதை மாற்றுவது நம் கையில் இருக்கிறது.

ஆகவே முதல் இரண்டு மாதத்துக்கு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விதியாக இதை வையுங்கள். முதல் ஓரிரு நாளில் லேசாக உடம்பு சுடுவது உண்டு. அதன்பின் 100.4 டிகிரியைத் தொடும் எந்தக் காய்ச்சலுக்கும் முதல் ஃபோன் அப்லேஷன் செய்த இடத்துக்கு. காய்ச்சலோடு, அல்லது காய்ச்சல் இல்லாமலேகூட, விழுங்கும்போது வலி, புதிய நெஞ்சுவலி, ரத்த வாந்தி, சாப்பிட்டவுடன் குழப்பமோ கை கால் பலவீனமோ வந்தால் ஃபோனோடு நிற்காமல் கிளம்புங்கள். வழியில் சாப்பிட வேண்டாம், குடிக்கவும் வேண்டாம். போகுமிடம் இதய அறுவை சிகிச்சையும் சி.டி. ஸ்கேனும் உள்ள பெரிய மருத்துவமனையாக இருக்கட்டும்.

அங்கே செய்ய வேண்டிய சோதனை மருந்து செலுத்தி எடுக்கும் நெஞ்சு சி.டி. விழுங்க வலிக்கிறது என்றால் எண்டோஸ்கோபி பார்ப்பதுதான் வழக்கம். ஆனால் அதில் காற்றை ஊதுவார்கள். ஓட்டை இருந்தால் அந்தக் காற்று இதயத்துக்குள் புகுந்து மூளைக்குப் போய்விடும். அட்டையில் அந்த வரி இருப்பது இதனால்தான். இன்னொன்று, முதல் சி.டி.யில் எதுவும் தெரியாமல் போகவும் கூடும். காய்ச்சல் விடவில்லை என்றால் மறுபடி எடுப்பது பற்றிக் கேளுங்கள்.

தடுக்க என்ன செய்யலாம்? பாண்டோபிரசோல் மாதிரி அமிலம் குறைக்கும் மாத்திரையை நான்கு முதல் ஆறு வாரம் எழுதுவார்கள். வயிறு நன்றாக இருக்கிறதே என்று அதை நிறுத்தாதீர்கள். கொதிக்கக் கொதிக்கக் காபி, கரகர முறுக்கு இரண்டையும் அந்தச் சில வாரம் ஒத்திப்போடுவதில் பெரிய நஷ்டமில்லை.

மற்ற அபூர்வங்கள்

சாப்பிட்டுச் சில வாய்களிலேயே வயிறு நிறைந்து, உப்பி, வாந்தி வருகிறதா? உணவுக்குழாயை ஒட்டிப் போகும் வேகஸ் நரம்பு சூட்டில் மந்தமாகியிருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்குத் தானே சரியாகும். ஆனாலும் டாக்டருக்குச் சொல்லுங்கள். உறைய வைக்கும் முறைக்குப் பின் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால், உதரவிதானத்தை அசைக்கும் நரம்பு அசந்திருக்கலாம். ஓர் எக்ஸ்ரேயிலேயே தெரிய வரும். திரும்ப மாதங்கள் எடுத்தாலும் பெரும்பாலும் திரும்பிவிடும்.

நுரையீரல் சிரை சுருங்குவது தாமதமாக வரும் வகை. வாரங்கள், மாதங்கள் கழித்து வறட்டு இருமல், மூச்சு வாங்குதல், சளியில் ரத்தம். நம் ஊரில் சளியில் ரத்தம் என்றால் முதல் சந்தேகம் டி.பி.தான், அடுத்தது நிமோனியா. அந்தச் சோதனைகளைச் செய்யட்டும், தவறில்லை. அதோடு அப்லேஷன் தேதியையும் சொல்லிவிடுங்கள். சி.டி.யில் சிரைகளையும் பார்த்துவிடுவார்கள்.

படி 5: ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை

அப்லேஷனுக்குப் பின் குறைந்தது இரண்டு முதல் மூன்று மாதம் இதை விடாமல் போட வேண்டும். உள்ளே ஆறிக்கொண்டிருக்கும் புண்ணில் ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போகாமல் காப்பது இதுதான். துடிப்பு அழகாக ஓடுகிறது, இனி எதற்கு என்று நிறுத்தினால் பக்கவாத ஆபத்தை நாமே கூப்பிட்ட மாதிரி. அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் போடுபவர்கள் ஐ.என்.ஆர். எனப்படும், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையின் தேதியைத் தவறவிடக் கூடாது. கீரையை விட வேண்டியதில்லை, ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். அபிக்ஸாபான், ரிவராக்ஸாபான், டாபிகாட்ரான் வகைக்கு ஐ.என்.ஆர். தேவையில்லை, ஆனால் நேரம் தவறக் கூடாது.

கிளினிக்கில் ஊசி போட எழுதினால் மாத்திரையின் பெயரை முதலில் சொல்லுங்கள். இடுப்பில் போடும் ஊசி தசைக்குள் ரத்தக் கட்டாகிவிடலாம். பல் பிடுங்குவதை முடிந்தால் தள்ளிப்போடுங்கள். சித்த மருந்தோ லேகியமோ சாப்பிடுபவர்கள் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

படி 6: படபடப்பு திரும்பினால்

ஏ.எஃப். மறுபடி வந்தால் "எல்லாம் வீணா?" என்றுதான் முதலில் தோன்றும். இல்லை. ஆறும் புண்ணே சில வாரம் துடிப்பைக் கலைக்கும். அதனால்தான் முதல் எட்டு வாரத்தில் வரும் ஏ.எஃப்.ஐத் தோல்வியாக எண்ணுவதில்லை. முன்பு மூன்று மாதம் என்று வைத்திருந்தார்கள், 2024இல் வந்த பன்னாட்டு நிபுணர் பரிந்துரை அதை எட்டு வாரமாகக் குறைத்தது. சில நொடி தவறித் துடிப்பதை விட்டுவிடலாம். மணிக்கணக்கில் வேகமாக ஓடினால் ஃபோன் செய்து, ஈ.சி.ஜி. எடுத்து அனுப்புங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் எமர்ஜென்சி.

இன்னொன்றையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முன்பு 60 இருந்த நாடி இப்போது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 75, 80 என்று காட்டும். மேலறையைச் சுற்றியுள்ள, துடிப்பை மெதுவாக்கும் நரம்பு முடிச்சுகளும் அப்லேஷனில் கொஞ்சம் அடிபடுவதால் வருவது இது. மாதக்கணக்கில் நீடிக்கலாம், ஆபத்தில்லை.

பயத்தை என்ன செய்வது

"கவலைப்படாதீங்க" என்று சொல்வதால் யாருக்கும் கவலை போனதில்லை. கவலைக்கு ஒரு நேரமும் ஒரு நோட்டும் கொடுப்பது கொஞ்சம் வேலை செய்கிறது. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை: உடல் சூடு, நாடி, எடை, தொடை இடுக்கு. எழுதி மூடிவிடுங்கள். ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் அந்த இரு வேளையும், படபடப்பு வரும்போதும் மட்டும் ஈ.சி.ஜி. எடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் பயத்திலேயே நாடி ஏறும், ஏறிய நாடியைப் பார்த்து மறுபடி பயம் வரும்.

காலண்டரில் 60ஆம் நாளை வட்டமிட்டு வையுங்கள். உணவுக்குழாய் பயத்துக்கு ஏறக்குறைய அதுதான் எல்லை. ஒவ்வொரு நாளும் கிழிக்கும்போது அந்த ஆபத்தும் தேய்ந்துகொண்டே வருகிறது. இணையத்தில் தேடியே ஆக வேண்டும் என்றால் பகலில், வீட்டில் இன்னொருவர் பக்கத்தில் இருக்கும்போது தேடுங்கள். சாதாரணமாகக் குணமான ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அந்த 138 பேரைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக இருக்கிறது. இரண்டு மூன்று வாரம் கடந்தும் தூக்கமில்லை, வெளியே போகவே பயம், சாப்பாடு இறங்கவில்லை என்றால் அதையும் ஓர் அறிகுறியாக எண்ணி டாக்டரிடம் சொல்லுங்கள். இதய நோயாளிகளுக்கு இது அடிக்கடி வருவதுதான், அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

படி 7: மூன்றாம் மாதச் சந்திப்பு

நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஹோல்டர் சோதனை வைப்பார்கள், துடிப்பு மருந்துகளைக் குறைப்பது பற்றிப் பேசுவார்கள். ரத்தம் உறையாத மாத்திரையைத் தொடர்வதா என்பதை அப்லேஷன் வெற்றியா என்பதைக் கொண்டு முடிவு செய்வதில்லை. வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், முன்பு பக்கவாதம் வந்ததா, இதயம் பலவீனமா என்று கூட்டிப் போடும் ஒரு மதிப்பெண்ணைக் கொண்டுதான் முடிவு செய்கிறார்கள். 70 வயதில் சர்க்கரையும் பி.பி.யும் உள்ள ஒருவருக்கு ஏ.எஃப். அடியோடு போனாலும் மாத்திரை தொடரும். 45 வயதில் வேறு நோயில்லாதவருக்கு நிறுத்தச் சொல்லலாம். நிறுத்தச் சொன்னால் எந்தத் தேதியிலிருந்து என்பதையும், ஏ.எஃப். திரும்பினால் மறுபடி தொடங்க வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.